பங்குக் கிணறு



யாழ்ப்பாணத்துத் தோட்டக்காணி உறுதியொன்றைப் படிப்பவர், நிலத்தின் எல்லைகளைக் கூறியபின் கிணற்றிற் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் குறிக்கப்பட்டிருத்தலைக் காண்பர். தந்தையின் காணியைப் பிள்ளைகள் கூறுபோட்டுக்கொள்ளலாம்; கிணற்றைக் கூறுபோடுதல் இயலாது. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத அக்குடாநாட்டில், சுண்ணாம்புக்கல்லை உடைத்துத் தோண்டிய கிணறே உழவனுக்கு உயிர். ஆதலின், வேலித் தகராற்றால் முகம் பாராதிருந்த உடன்பிறந்தாரும் கிணற்றடியில் ஒருவரையொருவர் கண்டே ஆகவேண்டும்.

கண்டால் மட்டும் போதாது. துலா இருந்த காலத்தில் இறைப்பு என்பது தனியொருவரால் ஆகும் காரியமன்று. ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். ஒருவர் பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலில் ஊற்றுவார். மூன்றாமவர் மண்வெட்டியுடன் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீரை மாற்றுவார். கூலிக்கு ஆள் பிடிக்க இயலாத வறிய ஆண்டில், பேச்சற்றிருந்த தம்பியையே அழைக்க வேண்டியதாகும். அவ்வழைப்பும் நேராகச் செல்வதில்லை. சிறுபிள்ளையொன்று வேலிப் பொட்டால் நுழைந்து, "சித்தப்பா, நாளைக்கு விடிய எங்கள் முறை, அப்பா உங்களை வரட்டாம்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடும். தம்பி வருவார், துலாவில் ஏறுவார். மன்னிப்பு என்ற சொல் எவர் வாயிலும் எழுவதில்லை. வெயில் ஏறுமுன் இறைப்பு முடியும். அண்ணி தேநீர் கொண்டுவருவார். பிணக்கு அத்துடன் ஒழிந்ததென்று சொல்வதற்கில்லை. வேலி அதே இடத்தில்தான் நிற்கும்.

1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமையும் இவ்வுறவை அறிந்திருந்தது. தம் பங்கை விற்க விரும்புபவர் முதலிற் பங்காளிகளுக்கும் உரித்தாளருக்கும் அறிவித்தல் வேண்டும். பகைத்த தமையன் பங்காளியாயின் அவருக்கும் அவ்வுரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் இதனைப் பேணியது.

பின்னர் மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தது. அதனைக் குறைகூற நான் துணியேன். துலா மிதித்த கால்களின் நோவை அறியாதவரே பழமையைப் புகழ்வர். ஆயினும், தம்பியை அழைக்கும் தேவையும் அதனோடு போயிற்று.

2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. அதற்கு நெடுங்காலம் முன்பே துலாக்கள் மறைந்துவிட்டன. வெங்காயம் வாடும் நாளில், ஒரு கலன் எண்ணெயை இரண்டு தோட்டத்திற்குப் பங்கிடலாம். தன் முறையைத் தம்பிக்கு விட்டும் கொடுக்கலாம். ஆனால், இறைப்புக்கு ஆள் வேண்டுமென்ற சாட்டு இப்போது இல்லை. யாரேனும் ஒருவர் வேலியைக் கடந்து சென்று, தாமே வாய்திறந்து கேட்கவேண்டியிருக்கிறது.