சாயம் காட்டிக்கொடுத்த செல்!

திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறைகளில் தினமும் சாயப்பொடியை எடை போட்டுக் கரைப்பவர்கள் இருக்கிறார்கள். பல மாதங்கள், ஏன், சில வருஷங்கள்கூட ஒன்றும் தெரியாது. அப்புறம் சிலருக்கு அடுக்குத் தும்மல், மூக்கொழுகல், ராத்திரியில் இளைப்பு. "தூசி ஒத்துக்கலீங்க" என்று கடையில் ஒரு மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி வேலைக்குப் போய்விடுவார்கள்.

இந்தத் தும்மலுக்குப் பின்னால் இருக்கும் ஆசாமியின் பெயர் 'மாஸ்ட் செல்'. வேடிக்கை என்னவென்றால், இதை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்ததே துணிச்சாயம்தான்!

யார் கண்டுபிடித்தது?

1856-ல் இங்கிலாந்தில் வில்லியம் பெர்கின் செயற்கை ஊதாச் சாயத்தைத் தயாரித்தார். அதன்பின் ஜவுளிக்காக விதவிதமான அனிலின் சாயங்கள் வந்து குவிந்தன. ஜெர்மனியில் மருத்துவ மாணவராக இருந்த பால் எர்லிக், அந்தச் சாயங்களை உடல் திசுக்களில் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சில செல்களுக்குள் மட்டும் குருணை குருணையாகச் சாயம் பிடித்திருந்தது. நன்றாகத் தின்று கொழுத்த செல்கள் என்று நினைத்து, தீனியைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லால் 'மாஸ்ட்' என்று பெயர் வைத்தார். 1878-ல் லைப்சிக் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த ஆய்வேட்டில் இதை எழுதியபோது அவருக்கு வயது 24. பின்னாளில், 1908-ல், நோபல் பரிசும் பெற்றார்.

அந்தக் குருணைகள் தீனி அல்ல. செல் தானே தயாரித்துச் சேர்த்து வைத்திருக்கும் ரசாயனங்கள். தும்மலையும் அரிப்பையும் கிளப்பும் ஹிஸ்டமின் அதில்தான் இருக்கிறது என்று 1953-ல் ரைலி, வெஸ்ட் என்ற இருவர் காட்டினார்கள்.

எங்கே பிறக்கிறது?

தோல், மூக்கு, நுரையீரல், குடல் என்று வெளியுலகம் உடம்பைத் தொடும் இடங்களில்தான் மாஸ்ட் செல்கள் குடியிருக்கின்றன. அதனால் அங்கேயே பிறந்தவை என்று ரொம்ப காலம் நினைத்தார்கள். 1977-ல் ஜப்பானிய விஞ்ஞானி யுகிஹிகோ கிடாமுரா குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு வகை எலியின் மாஸ்ட் செல்களில் குருணைகள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும். அந்த எலியின் எலும்பு மஜ்ஜையை வேறு எலிகளுக்குச் செலுத்தினார்கள். கொஞ்ச நாளில் அந்த எலிகளின் திசுக்களிலும் பெரிய குருணை கொண்ட மாஸ்ட் செல்கள்! ஆக, சிவப்பணுவும் வெள்ளையணுவும் பிறக்கும் மஜ்ஜையே இதற்கும் தாய்வீடு. முதிராத பருவத்தில் ரத்தத்தில் பயணம் செய்து, போய்ச் சேர்ந்த இடத்தில் வளர்ந்து ஆளாகின்றன.

சாயம் எப்படிச் சீண்டுகிறது?

பருத்திக்கு அதிகம் பயன்படும் ரியாக்டிவ் சாயங்கள் 1956-ல் சந்தைக்கு வந்தவை. நூலோடு கெட்டியாகப் பிணைந்துகொள்வதால்தான் துவைத்தாலும் நிறம் போவதில்லை. பொடியாக மூச்சில் போனால், இதே குணத்தால் உடம்பின் புரதத்தோடும் ஒட்டிக்கொள்ளும். சிலருடைய உடம்பு அதை அந்நியன் என்று எண்ணி 'ஐ.ஜி.இ.' என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கும். அது மாஸ்ட் செல்லின் மேல் போய் உட்கார்ந்து காத்திருக்கும். அடுத்த முறை பொடி உள்ளே வந்ததும் குருணைகள் கொட்டிவிடும். மூச்சுக்குழாய் சுருங்கி இளைப்பு வரும். ஆரம்பத்தில் ஒன்றும் இல்லாமல் பிறகு வருவது இதனால்தான்.

கவலை வேண்டாம், சாயமேற்றி நன்றாக அலசிய பனியனைப் போடுவதால் பொதுவாக இந்த ஆபத்து இல்லை.

மில்லில் பஞ்சுத் தூசியால் வரும் 'பிசினோசிஸ்' வேறு. வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கம் அதிகமாக இருப்பது அதன் அடையாளம்.

என்ன செய்யலாம்?

* வேலை நாளில் இளைப்பு, லீவு நாளில் நிம்மதி என்றால் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். டாக்டரிடம் "என்ன வேலை செய்கிறேன்" என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அங்கேயே காட்டலாம்.

* கைக்குட்டை கட்டினால் நுண்பொடி நிற்காது. தூசி வடிகட்டும் முகமூடி வேண்டும். எடை போடும் இடத்தில் பொடியை உறிஞ்சி வெளியேற்றும் வசதியும் வேண்டும்.

* ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை தும்மலை அடக்கலாம். ஆஸ்துமாவுக்கு அது வைத்தியம் ஆகாது.

ஒவ்வாமை வந்தபிறகும் அதே பொடியில் வருஷக்கணக்கில் நின்றால், வேலையை விட்ட பிறகும் ஆஸ்துமா விடாமல் தொடரலாம். சீக்கிரம் கண்டுபிடித்துப் பொடியிலிருந்து விலகியவர்களுக்கே குணமாகும் வாய்ப்பு அதிகம். எடை போடும் வேலையிலிருந்து வேறு பிரிவுக்கு மாற்றிக் கேட்பதில் வெட்கம் வேண்டாமே!