10 மைக்ரோஃபாரட் எங்கே போனது?

கடையில் செராமிக் கெபாசிட்டர் வாங்கும்போது நாம் சொல்வது இரண்டே விஷயங்கள்தான். எத்தனை மைக்ரோஃபாரட், எத்தனை வோல்ட். மூன்றாவதாக ஒன்றைக் கேட்க வேண்டும்: எந்த வகை? எக்ஸ்7ஆர், எக்ஸ்5ஆர், ஒய்5வி, சி0ஜி என்று ரீலின் லேபிளில் அச்சிட்டிருக்கும் குறியீட்டைப் பலர் கவனிப்பதே இல்லை. சிப் கெபாசிட்டரின் உடம்பிலோ எதுவுமே எழுதியிருக்காது. பார்வைக்கு எல்லாம் ஒரே பழுப்பு நிறக் கடுகுதான்.

இதனால் என்ன ஆகும்? வடக்குப்பட்டில் எங்கள் பக்கத்து வீட்டு மாமா, ஒரகடம் கம்பெனிகளில் வேலை செய்யும் பையன்களுக்கு மாடி அறைகளை வாடகைக்கு விட்டிருக்கிறார். தண்ணீர்த் தொட்டிக்கு வைஃபை மூலம் இயங்கும் மோட்டார் கன்ட்ரோலர் மாட்டினார். இரவில் ஒழுங்காக வேலை செய்த அது, சித்திரை வெயிலில் மதியம் ஆனதும் தானாக ரீசெட் ஆகி மோட்டாரை நிறுத்தியது. காலை ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லை. "நீதான் சாஃப்ட்வேர் ஆளாச்சே, புரோகிராமைப் பாருப்பா" என்றார் மாமா.

புரோகிராமில் கோளாறு எதுவும் இல்லை. 3.3 வோல்ட் சப்ளையில் இருந்த 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைக் கழற்றி மீட்டரில் வைத்தேன். அறை வெப்பத்தில் மதிப்பு சரி. ஹேர் டிரையரால் சூடேற்றினால் பாதிக்கும் கீழே இறங்கியது. ஒய்5வி வகைக்கே உரிய குணம் இது. வைஃபை சிக்னல் அனுப்பும் கணத்தில் சிப் சில நூறு மில்லி ஆம்பியர் இழுக்கும். அப்போது தாங்கிப் பிடிக்க கெபாசிட்டரில் சரக்கு இல்லை. எக்ஸ்7ஆர் வகையில் 10 மைக்ரோஃபாரட், 16 வோல்ட், சற்றுப் பெரிய அளவில் ஒன்றை வைத்ததும் ரீசெட் நின்றது.

குறியீட்டைப் படிப்பது எளிது. முதல் எழுத்து கீழ் வெப்பநிலை: எக்ஸ் என்றால் மைனஸ் 55 டிகிரி, ஒய் என்றால் மைனஸ் 30. நடு எண் மேல் வெப்பநிலை: 5 என்றால் 85, 7 என்றால் 125 டிகிரி செல்சியஸ். கடைசி எழுத்துதான் முக்கியம். ஆர் என்றால் இந்த எல்லைக்குள் மதிப்பு 15 சதவீதத்துக்கு மேல் மாறாது. வி என்றால் 22 சதவீதம் கூடலாம், 82 சதவீதம் குறையலாம்!

குறியீடு சொல்லாத விஷயம் ஒன்றும் உண்டு. இந்த வகைகளின் உள்ளே இருப்பது பேரியம் டைட்டனேட். அதன்மீது டிசி வோல்டேஜ் ஏற ஏற கெபாசிட்டன்ஸ் குறையும். 6.3 வோல்ட் தாங்கும் மிகச் சிறிய எக்ஸ்5ஆர் கெபாசிட்டரை 5 வோல்ட் லைனில் போட்டால், பாதிக்கு மேல் காணாமல் போவது சகஜம். சாதாரண மீட்டர் இதைக் காட்டாது. தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டில் உள்ள டிசி பயாஸ் கிராஃபைப் பார்க்க வேண்டும். ஆகவே சப்ளை லைனுக்கு எக்ஸ்7ஆர் வாங்குங்கள், இரு மடங்கு வோல்ட், இடம் இருந்தால் பெரிய சைஸ். கிரிஸ்டல் அருகே வரும் 22 பிக்கோஃபாரட், டைமர், ஆடியோ ஃபில்டர் ஆகியவற்றுக்கு சி0ஜி. வெப்பமோ வோல்டேஜோ அதை அசைப்பதில்லை. பெரிய மதிப்புகளில் கிடைப்பது அரிது, விலையும் அதிகம்.

ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கி 2014-ல் மூடப்பட்ட நோக்கியா ஆலையாகட்டும், இன்றைய போன் ஆலைகளாகட்டும், வகை குறித்த ரீல்தான் மெஷினில் ஏறும். ரிச்சி தெருவில் டப்பாவிலிருந்து அள்ளித் தரும்போதுதான் வகை தொலைந்து போகிறது. லேபிள் உள்ள துண்டு டேப்பாகக் கேட்டு வாங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. 230 வோல்ட் பகுதியில் இருக்கும் நீல வட்டில் ஒய்2 என்று போட்டிருந்தால், அந்த ஒய் வேறு. அது பாதுகாப்புத் தரம். அதை மாற்ற நேர்ந்தால் ஒய்2 தரத்தையே போடுங்கள். வேறு எதைப் போட்டாலும், அது ஷார்ட் ஆகும் நாளில் சாதனத்தின் உலோக உடம்பில் கை வைப்பவருக்கு உயிராபத்து.