மஸ்டர் ரோலில் பேர் இல்லாதவர்கள்

2012 செப்டம்பர் 5, மதியம். சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஓம் சக்தி பட்டாசு ஆலையில் தீப்பிடித்தது. புகையைக் கண்டதும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் ஓடினார்கள். உள்ளே சிக்கியவர்களைத் தூக்கிவரப் போனவர்கள் உண்டு. என்ன ஏதென்று பார்க்கப் போனவர்களும் உண்டு. பெரிய வெடிப்பு அதற்குப் பிறகுதான் நடந்தது. அன்று 38 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் ஒருநாள்கூட வேலை பார்க்காதவர்கள்.

'வேடிக்கை பார்க்கப் போனவனை யார் போகச் சொன்னது?' இந்த ஒரு கேள்வி போதும், ஒரு குடும்பம் வாயை மூடிக்கொள்ள. ஆனால் சட்டம் அப்படிக் கேட்பதில்லை.

2016 அக்டோபர் 20-ல், தீபாவளி நெருங்கிய நேரத்தில், சிவகாசி நகருக்குள்ளேயே பட்டாசுச் சரக்கு ஏற்றும் இடத்தில் தீப்பிடித்துப் பக்கத்திலிருந்த ஸ்கேன் சென்டருக்குள் புகை புகுந்தது. ஸ்கேன் எடுக்க வந்தவர்களும் அங்கே வேலை பார்த்தவர்களும் மூச்சுத் திணறி இறந்தார்கள். பட்டாசுக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆலைத் தொழிலாளிக்கு 1923-லிருந்தே சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. வேலையில் அடிபட்டால் முதலாளி பணம் கட்டியாக வேண்டும். மஸ்டர் ரோல் என்கிற வேலையாள் பதிவேட்டில் பேர் இல்லாத, ரோட்டில் போன மனிதருக்கு என்ன வழி? 1985 டிசம்பரில் டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில், மறுவருடம் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. ஆபத்தான தொழில் செய்பவர், தன்மேல் தவறே இல்லையென்றாலும், அதனால் பாதிக்கப்பட்டவருக்கு ஈடு செய்தே தீர வேண்டும் என்றது. அந்த வழக்கைக் கொண்டுபோன எம்.சி.மேத்தாதான் பிறகு சிவகாசி குழந்தைத் தொழிலாளர்களுக்காகவும் அதே நீதிமன்றத்தின் படி ஏறினார்.

போபால் துயரத்தின் நிழலில் 1991-ல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் அபாயகரமான பொருளைக் கையாள்பவர் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். தொழிலாளி அல்லாத யார் அடிபட்டாலும் அந்தக் காப்பீட்டிலிருந்து நிவாரணம் கேட்கலாம். மனுவைக் கலெக்டரிடம் கொடுக்கலாம். யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. விபத்து கவனத்துக்கு வந்ததும் அதை விசாரித்து, 'மனு கொடுங்கள்' என்று ஊருக்கு அறிவிப்பதும் அந்தச் சட்டப்படி கலெக்டரின் கடமைதான். என்னைப் பொறுத்தவரை சட்டத்திலேயே முக்கியமான வரி இதுதான். ஒவ்வொரு வெடிவிபத்துக்குப் பிறகும் இந்த அறிவிப்பு டீக்கடைச் சுவர் வரை வந்தாக வேண்டும்.

சட்டம் வந்தபோது உயிரிழப்புக்கு எழுதப்பட்ட தொகை வெறும் 25,000 ரூபாய். அதை வாங்கிவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். மேற்கொண்டு இழப்பீடு கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. வாங்கிய தொகையைக் கழித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அடுத்து தட்ட வேண்டிய கதவு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளம் ஸ்ரீ மாரியம்மாள் ஆலையில் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம், பாதி உடம்புக்கு மேல் வெந்தவர்களுக்கு 15 லட்சம், புறநோயாளியாக மருந்து கட்டிப் போனவர்களுக்கும் 2 லட்சம் என்று கணக்குப் போட்டது. முதலமைச்சரும் பிரதமரும் அறிவித்த நிவாரணத்துக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். அறிவிப்பு, அரசு இரக்கப்பட்டுத் தருவது. இழப்பீடு, நாம் கேட்டு வாங்க வேண்டியது.

விபத்து நடந்த அன்றே பாதி வழக்கு முடிவாகிவிடுகிறது. ஆஸ்பத்திரியில் காயம்பட்டவரைச் சேர்த்ததும் டாக்டர் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) எழுதும் இரண்டு வரியில், எந்த இடத்தில், எதனால், எத்தனை மணிக்கு என்பது சரியாக இருக்கிறதா என்று பக்கத்தில் நிற்பவர் கேட்டு உறுதி செய்ய வேண்டும். அந்த ஏ.ஆர். காப்பி, எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டுகள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். பிணவறை வாசலில் ஈமச்சடங்குச் செலவுக்கென்று ரொக்கத்தோடு ஆள் வரலாம். பணத்தை வாங்குவது தப்பில்லை. ஆனால் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிய தாளில், அழுது ஓய்ந்த அந்த நேரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆலை யாருடையது என்ற குழப்பமும் வரும். உரிமம் ஒருவர் பேரில் இருக்கும். ரூம்கள் உள்குத்தகையில் வேறு பலர் கையில் இருக்கும். நாக்பூரிலுள்ள மத்திய வெடிபொருள் துறை தந்த லைசென்ஸோ, டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) தந்த லைசென்ஸோ, அதில் யார் பேர் இருக்கிறதோ அவரையும் மனுவில் சேருங்கள். குத்தகைக்கு எடுத்தவரை மட்டும் காட்டினால், அவர் கையில் ஒன்றுமில்லை என்று விஷயம் நின்றுபோகும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்ட நீதிமன்றத்தோடு இயங்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் தொழிற்பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் வருமானக் கணக்குக்கூடத் தேவையில்லை. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். கலெக்டரிடமும் பசுமைத் தீர்ப்பாயத்திலும் மனு கொடுக்க ஐந்து வருடம் அவகாசம் உண்டு. தொழிலாளர் இழப்பீட்டுக்கு இரண்டே வருடம்.