தாங்கி மீட்ட கவச லொறி

போர்க்களத்திற் பழுதுற்று நின்ற யுத்தத் தாங்கிகள் யாவும் அழிந்தொழிந்தன என்று கொள்ளலாகாது. களத்தைத் தன்வசம் வைத்திருப்பவன் அவற்றை இழுத்துச் சென்று, செப்பனிட்டு, மீண்டும் போருக்கு அனுப்புவான். ஆயின், குண்டுமாரிக்கிடையே அவற்றை இழுத்து வருபவர் யாவர்?

இரண்டாம் உலகப் போரிலே அமெரிக்கர் இதற்கென எம் 26 என்னும் இழுவை லொறியை அமைத்தனர். அதன் அச்சுகள் மூன்றும் உந்தப்பெறுவன. 240 பரிவலுவுடைய பெற்றோல் இயந்திரமும், எழுவர் அமரும் கவச அறையும் அதற்குண்டு. பின்புறத்தே உருக்குக் கம்பிவடத்தைச் சுற்றியிழுக்கும் பொறிகள் இரண்டு. ஒவ்வொன்றும் 60,000 இறாத்தல் இழுக்கவல்லது. சேற்றில் ஆழ்ந்த தாங்கியும் அவ்வடத்தாற் கரையேறி, 40 தொன் தாங்கும் இழுவண்டியில் அமரும்.

கவசமோ பெரும்பாரம். பின்வந்த எம் 26 ஏ 1 அதனைக் களைந்தது. களைந்தவர் அதனைத் தாம் ஓட்டினாரல்லர் போலும்! சாரதியின் தலைக்கு மேல் எஞ்சியது கித்தான் மறைப்பே.