எட்டு சென்டிமீட்டரில் ஒரு துளை

சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பு அறிவியல் செய்முறைக் குறிப்பேடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். திருப்புத்திறன் தத்துவத்தைப் பயன்படுத்திப் பொருளின் எடையைக் காணும் சோதனை. அதற்கு முன்னோட்டமாக 50 கிராமை 16 செ.மீ. தொலைவிலும் 100 கிராமை 8 செ.மீ. தொலைவிலும் தொங்கவிட்டுச் சரிபார்க்கச் சொல்லியிருந்தேன். எல்லாக் குறிப்பேட்டிலும் இடப்பக்கம் 800, வலப்பக்கம் 800. ஒரு பிசிறு இல்லை. மகிழ்ந்திருக்க வேண்டும், எனக்குச் சந்தேகம்தான் வந்தது. அந்த அலுமினியப் பட்டையில் துளை போட்டவன் நானாயிற்றே!

மீட்டர் அளவுகோலில் நூல் நழுவிக்கொண்டே இருக்கிறது என்பதால், 2 செ.மீ.க்கு ஒரு துளை வீதம் போட்டு நானே செய்த பட்டை அது. ஆய்வகத்தில் எடுத்துப் பார்த்தால், ஒரு முனையில் களிமண் உருண்டை ஒட்டியிருந்தது. கேட்டபோது ஒரு மாணவி தயங்காமல் சொன்னாள்: “ஒரு பக்கமா சாஞ்சுதுங்க சார். அதான் ஒட்டி வெச்சோம். ரெண்டும் ஒண்ணாத்தானுங்க வரோணும்?”

அளந்து பார்த்தேன். 8 செ.மீ. என்று எழுதியிருந்த துளை 8.3-இல் இருந்தது. 100 × 8.3 = 830. பட்டை சாய்ந்ததுதான் சரி. என் துளை தவறியதால், பிள்ளைகள் கண்ணால் கண்டதை விட்டுவிட்டுப் புத்தகத்தில் உள்ளதை எழுதியிருக்கிறார்கள்.

காங்கேயத்தில் அரிசி ஆலைகளும் தேங்காய் எண்ணெய் ஆலைகளும் இருப்பதால் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. பட்டையையும் என் டிரில்லிங் மிஷினையும் எடுத்துக்கொண்டு ஒரு பட்டறைக்குப் போனேன். பட்டறைக்கார அண்ணன் பட்டையைப் பார்க்கவே இல்லை. மிஷினில் மாட்டியிருந்த பிட்டைத்தான் பார்த்தார். “ஏனுங்க சார், இது செவுத்துக்குப் போடற பிட்டுங்களே!”

சுவர் பிட்டின் நுனியில் கார்பைடு வில்லை ஒட்டப்பட்டிருக்கும். அது கல்லையும் காரையையும் இடித்துப் பொடியாக்குவதற்கானது. கத்தி போன்ற விளிம்பு அதற்குத் தேவையில்லை. உலோகத்தை இடித்துத் துளைக்க முடியாது, சீவ வேண்டும். அதற்கு எச்.எஸ்.எஸ். எனப்படும் அதிவேக எஃகில் செய்த முறுக்கு பிட் வேண்டும். முறுக்கு பிட்டுக்கு அமெரிக்காவின் ஸ்டீபன் மோர்ஸ் 1863-இல் காப்புரிமை பெற்றார். சூடேறினாலும் கூர் மழுங்காத அதிவேக எஃகு 1900-ஆம் ஆண்டையொட்டி வந்தது. சாதாரண பிட்டின் முனைக்கோணம் 118 பாகை. எவர்சில்வர் போன்ற கடின உலோகங்களுக்கு, இன்னும் தட்டையான 135 பாகை முனை நல்லது.

ஆனால் சரியான பிட் இருந்தாலும் துளை நகரும். பிட்டின் நுனியைக் கூர்ந்து பாருங்கள். அது ஊசி முனை அன்று. சிறு உளி போன்ற ஒரு கோடு. அந்தக் கோடு வெட்டுவதில்லை, உலோகத்தை அழுத்தித் தேய்க்கிறது. வெட்டுபவை அதன் இருபுறமும் உள்ள விளிம்புகள்தாம். ஆகவே அவை உலோகத்தைக் கவ்வும்வரை பிட் வழுவழுப்பான பரப்பில் தன் போக்கில் அலையும். என் 3 மி.மீ. பிழையில் பெரும்பகுதி அந்த ஓரிரு நொடிகளில் நேர்ந்திருக்க வேண்டும்.

அதனால்தான் சென்டர் பஞ்ச். குறியிட்ட இடத்தில் பஞ்சை நிமிர்த்தி வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. அந்தக் குழியில் உளிக்கோடு அமர்ந்துகொள்ளும். கல்லுக்கும் இதே கதைதான். குஜராத்தின் கம்பாத்தில் மணி செய்வோர் சிறு குழி கொத்திவிட்டே துளையிடத் தொடங்குவார்கள். நம் பக்கத்துக் கொடுமணல் அகழாய்வில் உருவாக்கத்தின் பல நிலைகளில் கல்மணிகள் கிடைத்துள்ளன. சமூக அறிவியல் ஆசிரியர்கள் அந்தப் பாடத்தில், இவ்வளவு சிறிய மணியில் துளையை நடுவில் எப்படிப் போட்டிருப்பார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.

பஞ்ச் அடித்த பிறகும் நேராக 6 மி.மீ. பிட்டை வைக்க வேண்டாம். முதலில் 2.5 அல்லது 3 மி.மீ. பிட்டால் வழித்துளை போட்டால், பெரிய பிட்டின் தேய்க்கும் நுனிக்கு வேலையே இருக்காது. மெல்லிய நீளமான பிட் வளையும். சக்கிலிருந்து அதிகம் நீட்டிக்கொண்டிராத குட்டை பிட்டே மேல். பிட் இடம் மாறிவிட்டது எனத் தொடக்கத்திலேயே தெரிந்தால், துளை எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கச் சரிவில் சிற்றுளியால் ஒரு காடி வெட்டிவிட்டு மீண்டும் துளையிடலாம். பிட் அந்தப் பக்கம் இழுபடும். முழு விட்டமும் இறங்கிய பின் இது பலிக்காது.

என் இன்னொரு தவறு குறியிடலில். ஒவ்வொரு துளையையும் முந்தைய துளையிலிருந்து 2 செ.மீ. அளந்து குறித்திருந்தேன். அரை மில்லிமீட்டர் பிழை நான்கு தடவையில் 2 மில்லிமீட்டர் ஆகிவிடும். அளவுகோலை நகர்த்தாமல் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து எல்லாவற்றையும் குறித்தால் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது.

வேகத்தில் நமக்கொரு கணக்குப் பாடம் இருக்கிறது. வெட்டு வேகத்தை 1000-ஆல் பெருக்கி, பிட்டின் சுற்றளவால் வகுத்தால் நிமிடத்திற்கு எத்தனை சுற்று என்று வரும். வேகம் மீட்டரில், சுற்றளவு மில்லிமீட்டரில். மென் இரும்புக்கு நிமிடத்திற்கு 25 மீட்டர் எனக் கொண்டால், 6 மி.மீ. பிட்டுக்குச் சுமார் 1,330 சுற்று, 12 மி.மீ.க்குச் சுமார் 660. எதிர் மாறலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. அலுமினியத்துக்கு இதைவிட இரு மடங்கு வேகம் வைக்கலாம். எவர்சில்வருக்குப் பாதி வேகம். ஆனால் அழுத்தம் விடக்கூடாது. வெட்டாமல் தேய்த்தால் அது இன்னும் கடினமாகிவிடும்.

இரும்புக்கு எண்ணெய், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய், வார்ப்பிரும்புக்கும் பித்தளைக்கும் ஒன்றும் வேண்டாம் என்பது பட்டறை வழக்கம். அண்ணன் என் பட்டைக்குத் தேங்காய் எண்ணெய்தான் விட்டார். காங்கேயத்தில் அதற்கா பஞ்சம்! பிட்டின் இரு பள்ளங்களிலும் சம அளவில் சுருள் வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் விளிம்புகள் சமமாகத் தீட்டப்படவில்லை, துளை பெரிதாகும் என்று பொருள்.

பள்ளியில் செய்யும்போது மிஷினை ஆசிரியர்தான் பிடிக்க வேண்டும். குறியிடுவதும், பிட்டின் விட்டத்தை வெர்னியர் அளவியால் பார்ப்பதும் மாணவர் வேலை. பட்டையை வைஸில் இறுக்கியே தீர வேண்டும். பிட் அடிப்பக்கம் வெளியேறும் கணத்தில் கவ்விக்கொண்டால், கையால் பிடித்த தகடு கத்திபோல் சுழலும். கண்ணாடி அணியுங்கள். கையுறை மட்டும் கூடாது, சுழலும் பிட் அதைச் சுற்றி இழுத்துவிடும். துப்பட்டா, புடவைத் தலைப்பு, நீண்ட கூந்தல் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான்.

புதுப் பட்டையில் நடுத்துளையை மற்றவற்றின் வரிசைக்கு 3 மி.மீ. மேலே போட்டோம். தாங்குபுள்ளி சற்று மேலே இருந்தால்தான் பட்டை ஆடி அடங்கி நிற்கும். 8 செ.மீ. துளை இப்போது 7.96-இல் இருக்கிறது. களிமண்ணை ஆய்வக மேசையிலிருந்து எடுத்துவிட்டேன்.

இந்த ஆண்டு ஒரு குறிப்பேட்டில் இடப்பக்கம் 800, வலப்பக்கம் 796 என்றிருந்தது. கீழே, “இடப்பக்கம் கொஞ்சம் தாழ்கிறது. துளை 0.4 மி.மீ. உள்ளே இருப்பதால் இருக்கலாம்” என்று பென்சிலில் எழுதி, பிறகு பயந்து அழித்த தடம். அதன்மேல் பேனாவால் எழுதச் சொல்லிவிட்டு முழு மதிப்பெண் போட்டேன்.