பழைய பாரவண்டியைப் புதுக்குதல்

மோட்டார் வண்டி வகைகளுள் 'பிக்கப்' என்பது, முன்புறத்தில் இருவர் மூவர் அமரத்தக்க சிற்றறையும், பின்புறத்தில் கூரையில்லாத திறந்த பெட்டியும் உடைய சிறு பாரவண்டியாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உழவர் வைக்கோலும் விதைமூட்டையும் கன்றுகாலியும் ஏற்றிச் செல்ல இதனையே பெரிதும் நம்பியிருந்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்குச் செய்யப்பெற்ற இவ்வகை வண்டிகளுட் பல, இன்றும் முற்றும் அழியாமல், வீட்டுக் கொட்டகைகளிலும் வயலோரங்களிலும் கிடக்கின்றன. அவற்றை விலைக்கு வாங்கி, தம் இல்லத்துக் கொட்டகையிலேயே பிரித்துப் பழுது நீக்கி மீண்டும் ஓடச் செய்வோர் அந்நாட்டிற் பலர். அப்பணி நடைபெறும் முறையையும், அதன்கண் எழும் ஒரு பெரிய வினாவையும் ஈண்டு விளக்க முயல்கின்றோம்.

வினா இதுவே. வண்டியை அது தொழிற்சாலையினின்று வெளிப்போந்த நாளில் இருந்தவாறே ஆக்குதல் ஒரு நோக்கம். இக்காலத்துச் சாலையில் அச்சமின்றி ஓடுமாறு திருத்துதல் மற்றொரு நோக்கம். புதுக்குவோரிற் பெரும்பாலார் இரண்டையும் ஒருங்கே விழைகின்றனர். அங்ஙனமாயின் எவற்றை மாற்றுவது? எவற்றை மாற்றாது விடுவது? மாற்றுவனவற்றுள் எது முதலது? வண்டியின் அழகும் உரிமையாளனது கைப்பொருளும் மட்டுமல்ல, அதில் ஏறுவோர் உயிரும் இவ்வினாவின் விடையைப் பொறுத்தனவாம்.

சான்றாக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 1947 ஆம் ஆண்டின் கோடையிற் செவ்ரோலே நிறுவனத்தார் புதுவடிவப் பாரவண்டி வரிசையொன்றை வெளியிட்டனர். அவற்றுள் அரை டன் வகைக்கு 3100 என்பது எண். பருத்த முகப்பும் திரண்ட தோள்களும் உடைய அவ்வண்டி, சிற்சில மாறுதல்களோடு 1955 ஆம் ஆண்டின் தொடக்கம் வரை வெளிவந்தது. முதலாண்டுகளில் அதற்கு அமைந்த என்ஜின் ஆறு சிலிண்டர்களை ஒரே வரிசையில் உடையது. 216 கன அங்குலக் கொள்ளளவும் 90 குதிரைத்திறனும் வாய்ந்தது. அதன் கீழ்ப்பகுதியே நம் கருத்துக்குரியது. பிஸ்டன்களைத் தாங்கும் தண்டுகளின் பெயரிங்குகள், வெள்ளீயம் கலந்த மெல்லிய உலோகத்தை உருக்கி வார்த்தவை. அவற்றுக்கு எண்ணெய் முழு அழுத்தத்தோடு உட்குழாய்வழிச் செல்வதில்லை. தண்டின் அடியிலுள்ள அகப்பை போன்ற சிறு உறுப்பு ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெயை மொண்டுகொள்ளும். வண்டி மிதமாகச் செல்லுங்காறும் இவ்வேற்பாடு குறைவற நடக்கும்.

பின்னச்சின் பற்சக்கர விகிதமோ 4.11. அஃதாவது, மிக உயர்ந்த கியரிலும் சக்கரம் ஒருமுறை சுழல, என்ஜின் நான்கு முறைக்குமேற் சுழல வேண்டும். கணக்கிட்டுப் பார்ப்பின், மணிக்கு 60 மைல் விரைவில் அவ்வென்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 சுற்றுச் சுற்றுவது புலனாகும். நெடுநேரம் அங்ஙனம் ஓட்டுவது வார்ப்புப் பெயரிங்குக்குப் பெருஞ்சோதனை.

இஃது அமைத்தோர் குற்றமன்று. பண்ணையினின்று சந்தைக்கும், சந்தையினின்று பண்ணைக்கும் செல்லும் நாட்டுப்புறப் பாதைக்கென்றே அவ்வண்டி பிறந்தது. 41,000 மைல் நீளமுள்ள மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளுக்கு வழிகோலிய சட்டத்தில் ஐசன்ஹோவர் கையொப்பமிட்டது 1956 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29 ஆம் நாள். 3100-இன் அவ்வடிவம் அதற்குமுன்னரே நின்றுபோயிற்று. ஆகவே இன்று அந்நெடுஞ்சாலையில் மணிக்கு 65, 70 மைல் ஓடும் வண்டிகளிடையே இதனைச் செலுத்துவோன், தன் வண்டி ஒருநாளும் எதிர்பாராத இடத்துக்கு அதனைக் கொண்டுபோகின்றான்.

பழைய வண்டியில் ஒவ்வோர் உறுப்பும் ஏனையவற்றின் அளவறிந்து அமைந்தது என்பதை மறத்தலாகாது. மெல்ல ஓடும் என்ஜினுக்கு மெல்ல நிற்பிக்கும் பிரேக் போதும். இளைஞர் பலர் முதற்கண் செய்வது, பழைய என்ஜினை எடுத்தெறிந்துவிட்டு எட்டு சிலிண்டர் உள்ள பெரிய என்ஜினை இடுதல். ஓசையும் விரைவும் ஒருங்கே கிடைத்தலின் அவர் மகிழ்கின்றனர். ஆயின் பிரேக்கும் ஸ்டியரிங்கும் 1947-லேயே நிற்கின்றன. நம் கருத்தில், நிற்பித்தல் முதலாகவும், திருப்புதல் இரண்டாவதாகவும், விரைதல் மூன்றாவதாகவும் கொள்ளத்தக்கன.

எனவே பிரேக்கைப் பற்றிச் சிறிது விரித்துரைப்போம். 3100-இன் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே உள்ளன. 1951 முதல் வந்த பெண்டிக்ஸ் முறையில், டிரம்மின் சுழற்சியே கட்டையை மேலும் இறுகப் பற்றச் செய்யும். அதற்கு முந்திய ஹக் முறையினும் இது மேலானதென்பது கைதேர்ந்தோர் கொள்கை. ஆயினும் உண்மையான இடர் டிரம்மில் இல்லை. பாதப்பலகைக்குக் கீழே மறைந்திருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் உள்ளது. அது ஓரறை மட்டுமே உடையது. நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் திரவம் அவ்வோரறையினின்றே செல்கின்றமையின், எங்கேனும் ஒரு குழாய் துருவேறி வெடித்தால் நான்கு பிரேக்கும் ஒருசேர இழக்கப்படும். 1967 முதல் அமெரிக்கக் கார்களிற் பரவிய ஈரறைச் சிலிண்டரை இதற்கு மாற்றாக இடின், முன்னிரண்டுக்கும் பின்னிரண்டுக்கும் வழி வேறு வேறாகும். ஒன்று பழுதுற்றாலும் மற்றது நின்று காக்கும். வெளிப்பார்வைக்கு வண்டி சிறிதும் மாறுவதில்லை. இத்துணை எளிய திருத்தத்தைச் செய்யாது, வண்ணம் பூசுதற்குப் பெரும்பொருள் செலவிடுவோரை என்னென்பது!

பலர் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் பொருத்துகின்றனர். டிரம் மூடிய பானை போல்வதாதலின், பலமுறை அடுத்தடுத்து அழுத்தினால் உள்வெப்பம் வெளியேற இயலாது பிடிப்புக் குறையும். டிஸ்க்கோ காற்றிற் படுவதால் விரைவிற் குளிரும். ஆனால் இங்கு ஒரு நுட்பம் உண்டு. புதிய கார்களில் மாஸ்டர் சிலிண்டர் உயரத்தில் இருக்க, இப்பழைய வண்டியில் அது பாதத்துக்குக் கீழே சக்கரப் பிரேக்கினும் தாழ்ந்து இருக்கின்றது. அதனால் திரவம் தானே பின்வாங்கிவிட, அடுத்த முறை மிதிக்கும்போது மிதிப்பான் பயனின்றித் தரை வரை செல்லும். இதனைத் தடுக்கக் குழாயிடையே சிறு வால்வு ஒன்று வேண்டும்; டிஸ்க்குக்குச் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டும், டிரம்முக்கு 10 பவுண்டும் அழுத்தம் நிலைபெறச் செய்யும் வால்வுகளை இடுதல் வழக்கம். மேலும், பாரமில்லாத பிக்கப்பின் பின்புறம் மிக இலேசானது. முன்னும் பின்னும் ஒத்த விசையிற் பிரேக் பற்றினால், பின்சக்கரங்கள் முதலிற் சுழற்சி நின்று வழுக்க, வண்டி பக்கவாட்டிற் சுழன்றுவிடும். ஆதலின் பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வும் வேண்டப்படுகின்றது.

இனித் திருப்புதல். முன்புறத்தில் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்பு அச்சு, பட்டை ஸ்பிரிங்குகளின்மேல் நிற்கின்றது. ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மற்றதும் அசையும். அச்சின் நுனியிலுள்ள கிங்பின் தேய்ந்திருப்பின், வண்டி நேரே செல்லாது இருபக்கமும் அலையும். கிங்பின்னையும் அதன் புஷ்களையும் புதுப்பித்து, ஸ்டியரிங் பெட்டியின் தளர்ச்சியைச் சரிசெய்து, ரேடியல் டயர் இட்ட அளவிலேயே இவ்வலைச்சலிற் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அமையாதார், 1974 மாதிரியாக ஃபோர்டு நிறுவனத்தார் கொணர்ந்த இரண்டாம் மஸ்டாங்குக் காரின் முன்னமைப்பைத் தழுவிய தனித்தனிச் சஸ்பென்ஷனை இடுகின்றனர். அது மென்மையாக ஓடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு அடிச்சட்டத்தை வெட்டிப் புதுக் குறுக்குத்தண்டை வெல்டிங் செய்தல் வேண்டும். வெல்டிங் கருவியைச் சென்ற ஆண்டு வாங்கியவர், முன்சக்கரங்கள் நிற்கும் இணைப்பிலேயே தம் கைவண்ணத்தைச் சோதித்தல் தகாது.

தமிழ் பயிலும் நமக்கு இஃது ஏடு பதிப்பித்தலை நினைவூட்டுகின்றது. நல்ல பதிப்பாசிரியர் ஒரு பாடத்தைக் கொள்ளினும் ஏனைப் பாடபேதங்களை அடிக்குறிப்பிற் காட்டுவார். அங்ஙனமே, போல்ட்டினாற் பூட்டிய மாற்றம் மீளக் கழற்றத்தக்கது. நீக்கிய பழைய உறுப்பை எண்ணெய் பூசிப் பெயர்ச்சீட்டுக் கட்டிப் பரண்மேல் வைப்பவன் பின்வருவோர்க்கு வழி விடுகின்றான். அடிச்சட்டத்தை அறுப்பவனோ மூல ஏட்டையே திருத்தி எழுதுகின்றான்.

என்ஜினிலும் இம்முறை பற்றியே நடக்கலாம். 1954 முதல் இவ்வண்டிகளில் வந்த 235 கன அங்குல என்ஜின், தோற்றத்தில் முன்னையதன் உடன்பிறப்பே. ஆனால் அதன் பெயரிங்குகள் எடுத்து மாற்றத்தக்கவை. எண்ணெயும் முழு அழுத்தத்திற் செல்லும். பழைய வண்டியில் இதனை இட்டால், முன்மூடியைத் திறந்து பார்ப்போர்க்கும் வேறுபாடு எளிதிற் புலப்படாது. அதனோடு பின்னச்சுப் பற்சக்கரங்களையும் 3.55 விகிதத்துக்கு மாற்றினால், 60 மைல் விரைவில் என்ஜின் ஏறத்தாழ 2,600 சுற்றே சுற்றும். 1954 வரையுள்ள வண்டிகளிற் சுழல்தண்டு ஒரு குழாயினுள் அடைபட்டிருத்தலின், ஐந்து கியர்ப் பெட்டி இட விழைவோர் பின்னச்சையே மாற்ற நேரிடும்.

மின்னமைப்பு ஆறு வோல்ட்டு. பன்னிரண்டாக்க வேண்டுவோர் டைனமோ, பல்புகள், காயில் ஆகியவற்றை மாற்றி, அளவுகாட்டும் கருவிகளுக்குத் தடை சேர்ப்பர். ஆறு வோல்ட்டுக்கு மின்னோட்டம் மிகுதி வேண்டுதலின் பழங்கம்பிகள் தடித்தவை. எனினும் மேலுறை நொறுங்கியிருப்பின் அவை தீப்பற்ற ஏதுவாதலால் களைதலே நன்று.

கூறுமுறை கருதிப் பின்வைத்தோமேனும், செயலில் முன்னிற்பது துரு நீக்கமே. வாங்குவோன் காணவேண்டிய இடம் பளபளக்கும் மேற்புறமன்று. அறையின் தரைத் தகடு, கதவுக்குக் கீழுள்ள படி, பின்மூலைகளின் அடி ஆகியவையே. மூலைகளில் இரட்டைத் தகடுகளின் இடையே மண்ணும் நீரும் தங்கி, உள்ளிருந்து அரிக்கும். வெளியே கொப்புளம் தோன்றும்போது உள்ளே தகடே இராது. அத்தகட்டை வெட்டி எடுத்துப் புதுத்தகடு வைத்தல் வேண்டும். வெட்டுமுன் கதவுவாயில்களின் குறுக்கே இரும்புக் கம்பிகளை வெல்டிங் செய்து அறையின் வடிவை நிலைநிறுத்தாவிடின், படியை எடுத்தவுடன் அறை சிறிதே தொய்ந்து, பின்னர்க் கதவு ஒருகாலும் பொருந்தாது. எத்துணையோ நாள் உழைப்பு இவ்வொரு மறதியாற் கெடும்.

சிற்றுறுப்புகளின் துருவை மின்னாற் போக்கும் முறை மிக இனியது. பிளாஸ்டிக் தொட்டியில் நீர் நிரப்பிச் சலவைச் சோடாவைச் சிறிது கரைத்து, துருவேறிய உறுப்பைப் பாட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் துண்டொன்றை நேர்முனையிலும் இணைத்து, ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிடுவர். ஓரிரவிற் செந்துரு கரிய சேறாக நெகிழ்ந்து, தேய்த்தவுடன் கழன்றுவிடும். நல்ல இரும்பு தேயாது. அப்போது ஹைடிரஜன் எழுதலின் இதனைத் திறந்த வெளியிலேயே செய்தல் வேண்டும். நேர்முனையில் எவர்சில்வர்த் துண்டை வைத்தலாகாது. அதிலுள்ள குரோமியம் கொடிய நஞ்சாகி நீரிற் கலக்கும்.

வீட்டிற் செய்யும் பணியாதலின் வீட்டாரையும் எண்ணவேண்டும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருத்தல் கூடும். பழைய பிரேக் கட்டைகளிற் கல்நார் உண்டு. இவற்றின் தூளைக் காற்றால் ஊதுதலும், குழந்தைகள் நடமாடும் இடத்தில் உலர்வாகத் தேய்த்தலும் தீது. 1949 முதல் பெட்ரோல் தொட்டி, அறையினுள் இருக்கையின் பின்னாலேயே நிற்கின்றது. மோதலில் இது பெருங்கேடாதலின், பலர் பின்பெட்டியின் அடியிற் புதுத்தொட்டி அமைக்கின்றனர். முதலில் இல்லாத இடுப்புவாரையும் சேர்க்கின்றனர். பழைய தொட்டி வற்றியதென்று நம்பி அதனருகே வெல்டிங் செய்தல் ஒருநாளும் கூடாது. எஞ்சிய ஆவி, திரவத்தினும் கொடிதாய் வெடிக்கும்.

பின்பெட்டியின் தளம் மரப்பலகை. இடையிடையே எஃகுப் பட்டைகள் அதனை இறுக்கும். இன்று சிலர் உயர்ந்த ஓக் பலகையிட்டுக் கண்ணாடிபோல் வார்னிஷ் பூசிவிட்டு, பின்னர் ஒரு மூட்டையையும் ஏற்ற மனங்கொள்ளார்! அது பாரவண்டியாகாமல் பார்வைவண்டியாகின்றது.

எல்லாம் பூட்டி முடிந்தபின், முதல் ஓட்டம் வீட்டு வாயிலுக்கு அப்பால் நெடுந்தொலைவு செல்வதன்று. நின்றவாறே பிரேக்கை வலிந்து மிதித்து ஒரு நிமிடம் பிடித்திருக்க, மிதிப்பான் கீழே இறங்குமாயின் எங்கோ கசிவு உண்டு. பிறகு ஆளில்லாத பாதையில் 10, 20, 30 மைல் விரைவுகளில் நிறுத்திப் பார்த்து, எப்பக்கம் இழுக்கின்றதென்று குறித்துக்கொள்வர். திரும்பியதும் ஜாக்கியால் உயர்த்தி, தாங்கிகளின்மேல் வைத்து, சக்கர நட்டுகளையும் ஸ்பிரிங் பட்டைகளைக் கவ்வும் போல்ட்டுகளையும் மறுபடி முறுக்குவர். புதிய வண்ணப்பூச்சின்மேல் இறுக்கியவை முதற் சில மைல்களிலேயே தளர்தல் இயல்பு. அதன்பின்னரே பெட்டியிற் சில மூட்டை மணலை ஏற்றி, பாரத்தோடு இச்சோதனைகளை மீண்டும் ஒருமுறை முதலிலிருந்து செய்வர்.