கைத்தடி எந்தக் கையில்?

வலது இடுப்பு மூட்டில் வலி. கைத்தடியை எந்தக் கையில் பிடிக்க வேண்டும்? "வலி உள்ள பக்கத்தில்தானே!" என்பார்கள் பலர். அது தவறு. இடது கையில்தான் பிடிக்க வேண்டும்.

காரணத்தைக் கூறுவது "பயோமெக்கானிக்ஸ்" எனப்படும் உயிர் இயக்கவியல். எலும்பு, தசை, மூட்டு ஆகியவற்றில் செயல்படும் விசைகளை ஆராயும் இயல் இது. பிசியோதெரபி மாணவர்களின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. இளம்பிள்ளை வாதத்தால் குழந்தைகள் முடமாகிவந்த 1950களின் தொடக்கத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் மும்பை பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையில் இக்கல்விக்கான பள்ளி ஏற்பட்டது.

60 கிலோ 200 ஆகும் விந்தை

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் கணநேரம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். 60 கிலோ எடையுள்ளவர் வலது காலில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கால் சுமார் 10 கிலோ. மீதி 50 கிலோவையும் வலது இடுப்பு மூட்டு தாங்குகிறது.

இந்த எடை மூட்டுக்கு நேர் மேலே இல்லை. ஏறத்தாழ 15 செ.மீ. இடப்புறம் தள்ளி இறங்குகிறது. உடல் அப்பக்கம் சாயாமல் இழுத்துப் பிடிப்பவை இடுப்பின் வெளிப்புறத் தசைகள். அவை மூட்டிலிருந்து 5 செ.மீ. தூரத்தில்தான் உள்ளன. மூன்றில் ஒரு பங்கு தூரம் என்பதால் மூன்று மடங்கு பலம், அதாவது 150 கிலோ விசை தேவை. எடையும் இழுப்பும் சேர்ந்து மூட்டை அழுத்துவது 200 கிலோ!

சுமை பாதியாகிறது

இடது கையில் தடியை ஊன்றி, 10 கிலோ அளவுக்கு அழுத்தினால் என்ன ஆகும்? தடி மூட்டிலிருந்து சுமார் 45 செ.மீ. தள்ளி இருக்கிறது. நீண்ட கடப்பாரையால் கல்லை நெம்புவது போல, சிறு விசை பெரும் பயன் தருகிறது. தசை 60 கிலோ அளவுக்கு இழுத்தால் போதும். மூட்டின் சுமை 100 கிலோவாகக் குறைகிறது. இது தோராயக் கணக்கே எனினும் உண்மை புலப்படும். வலிக்கும் பக்கத்திலேயே தடியைப் பிடித்தால் இந்த நெம்புகோல் பயன் கிட்டாது.

தசைகள் தூக்கும் சுமையைவிடப் பன்மடங்கு விசையுடன் இழுக்கின்றன என்பதை இத்தாலிய அறிஞர் பொரெல்லி 17ஆம் நூற்றாண்டிலேயே கணக்கிட்டார். இடுப்பு மூட்டின் சுமையை ஆராய்ந்தவர் ஜெர்மானிய மருத்துவர் பாவெல்ஸ். 1956இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் வால்டர் பிளவுன்ட், கைத்தடியை வீசி எறியாதீர்கள் என்று தலைப்பிட்டே ஒரு கட்டுரை எழுதினார்.

கவனிக்க வேண்டியவை

நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். தடியும் வலிக்கும் காலும் ஒன்றாக முன்னே செல்ல வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் வலிக்கும் காலும் முதலில். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவர் கூறும் முறையையே பின்பற்ற வேண்டும்.

தடி ஊன்றினால் கிழவன் என்பார்களே என்று கூசி, வலியோடு நொண்டுவோர் பலர். தேய்ந்த மூட்டின் சுமையைப் பாதியாகக் குறைக்கும் மலிவான சாதனம் அது. அதைச் சரியான கையில் பிடிப்பதே முக்கியம்.